வாய் வைத்துக் குடித்த வாரம்

மார்ச் 24, திங்கள்

ஊர் வந்து சேர்ந்தாயிற்று. மதுரையில் இறங்கி டாஸ்மாக் எலைட் கடையில் ஆறு பாட்டில் ஒயின் வாங்கி, சுடிதார்களுக்கு நடுவில் சுருட்டி வைத்து, அருப்புக்கோட்டை பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் பை ணங்கென்று சத்தம் போட்டது. பக்கத்து சீட்டு அம்மா, "என்னத்தா, சீர் சாமானா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அப்படிச் சொல்லித் தப்ப முடியவில்லை. அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு ஆடித் தீர்த்துவிட்டாள்.

"பொட்டப்பிள்ள பிராந்தி பாட்டலத் தூக்கிட்டு வந்திருக்கு பாரு!"

"பிராந்தி இல்லம்மா, ஒயின். பரீட்சைக்கு."

"பரீட்சைக்கு ஊருல உள்ள பிள்ளைக புத்தகத்தப் படிக்குதுக. நீ பாட்டலப் படிக்கிறியாக்கும்?"

மதினி ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். அம்மா கத்தியதைவிட அதுதான் எனக்கு உறுத்தியது. அண்ணன் சதீஸ்குமார் குடியை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் முனீஸ்வரி மதினி பட்ட பாடு எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இந்த வீட்டுக்குள் ஆறு பாட்டிலைக் கொண்டுவந்திருக்கிறேன். வேறு எங்கே போவது? சென்னை ஹாஸ்டலில் பாட்டிலைக் கண்டால் பெட்டியோடு வெளியே தள்ளிவிடுவார்கள்.

கடைசியில் அம்மா மூன்று நிபந்தனை போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்தான். ஒரு சொட்டும் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. ஏப்ரல் ஒன்றாம் தேதி கோயிலில் காப்புக் கட்டுகிறார்கள், அதற்கு முன் எல்லாம் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். சரி, சரி, சரி என்றேன்.

ஏப்ரல் 4-ல் ருசிப் பரீட்சை. ஆறு கிளாஸ் வைப்பார்கள். என்ன திராட்சை, எந்த நாடு, நல்லதா கெட்டதா என்று எழுத வேண்டும். போன தடவை தோற்றேன். இந்தத் தடவையும் தோற்றால் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் ஒயின் பொறுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும், நான் மறுபடி விருந்து ஹாலில் எச்சில் தட்டு எடுக்க வேண்டும். நாலு வருடம் எடுத்தாயிற்று. போதும்.

மார்ச் 25, செவ்வாய்

முதல் பாட்டில். நாசிக் வெள்ளை. எங்கள் மேலாளர் உதயகுமார் சார் கொடுத்துவிட்ட இரண்டு கிளாஸில் ஒன்றைக் கழுவித் துடைத்து, ஊற்றி, தூக்கினேன். தூக்கியதும் என்ன செய்தேன்? அண்ணாந்து வாயில் ஊற்றினேன்! மறுபடியும்!

போன பரீட்சையில் நடந்ததும் இதேதான். எழுதிவைக்கிறேன், அப்போதாவது புத்தி வரட்டும். எங்கள் ஹோட்டலில் விருந்தாளிகள் மிச்சம் வைத்த பாட்டிலைத்தான் நாங்கள் ருசி பார்ப்போம். ஆறு பேருக்கு ஒரு கிளாஸ். யாரும் வாய் வைக்கக் கூடாது, அண்ணாந்து ஊற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். நாலு வருடமாக அப்படித்தான் ஒயின் படித்தேன். நாக்குக்கு எல்லாம் தெரியும். மூக்கு ஒரு நாள்கூடக் கிளாஸுக்குள் போனதில்லை. பரீட்சை அன்று பயத்தில் கை தன்னால் மேலே போனது. வெள்ளைக் கோட்டில் சிவப்பு ஒயின். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அதன் பிறகு என்ன எழுதினேன் என்றே ஞாபகம் இல்லை.

இன்று பத்துத் தடவை மூக்கை விட்டுப் பார்த்தேன். ஒயின் வாசம் வருகிறது. ஒயினில் ஒயின் வாசம் வரும் என்று கண்டுபிடிக்கவா லீவு போட்டு வந்தேன்?

மார்ச் 26, புதன்

இன்று மதினி வாயைத் திறந்தார்.

இரண்டாவது பாட்டிலும் வெள்ளைதான், நியூசிலாந்து. முற்றத்தில் உட்கார்ந்து மோந்து மோந்து பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தேன். துப்புவதற்கு அம்மா சாம்பல் போட்ட சட்டி ஒன்று கொடுத்திருக்கிறாள். மதினி துணி காயப்போட வந்தவர், ஐந்தடி தள்ளி நின்று, "அது என்ன பிள்ள, பச்ச மொளகா வாசம் வருது?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் திராட்சைக்குப் புத்தகத்தில் போட்டிருப்பதே அதுதான். பச்சைக் குடமிளகாய், அறுத்த புல். நான் மூக்கை உள்ளே விட்டும் கிடைக்காதது இவருக்குக் கொடிக்கயிற்றுப் பக்கம் நின்றே கிடைத்திருக்கிறது.

"எப்படி மதினி?"

"உங்கண்ணன் சட்டைய எத்தன வருசம் மோந்து பாத்த மூக்கு இது. பீரா, பிராந்தியா, யாரு வாங்கிக் குடுத்ததுன்னு வாசப்படியிலயே சொல்லிருவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிச்சிருங்க மதினி, இதெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டுவந்ததுக்கு என்றேன். மதினி கிளாஸை வாங்கி இன்னொரு தடவை மோந்துவிட்டு, "இது அந்த வாடை இல்ல. நீ படி," என்று சொல்லிவிட்டுத் துணியை உதறப் போனார்.

இனி மதினிதான் எனக்கு வாத்தியார் என்று சொன்னேன். "சம்பளம் எம்புட்டு?" என்றார்.

மார்ச் 27, வியாழன்

ஜெர்மனி வெள்ளை, ரீஸ்லிங் என்கிற திராட்சை. லோடு இறக்கிவிட்டு வந்த அண்ணனிடம் கிளாஸை நீட்டினேன், மூக்குக்கு மட்டும். "பெட்ரோல் பங்குல நிக்கிற மாதிரி இருக்கே," என்றான். சரியான பதில்! வயதான ரீஸ்லிங்கில் பெட்ரோல், மண்ணெண்ணெய் வாசம்தான் வரும். மீதியை முருங்கை மரத்தடியில் ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கும் வந்தது. அவன் சொல்வதற்கு முன்னாலேயே வந்தது. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

இன்று மோசமான நாள்.

பிரெஞ்சுச் சிவப்பு. ஆறிலேயே விலை கூடின பாட்டில். செர்ரி, பிளம்ஸ் என்று என்னென்னவோ வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. செத்த ஒயின். இல்லை, செத்தது என் மூக்கா? இரண்டு நாள் ஏதோ வந்தது என்று குதித்தேனே, அதெல்லாம் மதினி சொன்னதைக் கேட்டு வந்த வாசமா?

மதினி மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "மழயில நனஞ்ச அட்டப்பெட்டி. நூல்கண்டு அட்ட நனஞ்சு கெடக்குமே, அந்த வாடை."

எனக்கும் கடைசியில் அதுதான் வந்தது. கார்க்கில் பூஞ்சை பிடித்தால் ஒயின் அப்படித்தான் நாறும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. உதயகுமார் சாருக்குப் போன் போட்டேன். அவர்தான் என்னைப் பரீட்சைக்கு அனுப்புகிறவர்.

"சுகந்தி, அது பெரிய கம்பெனி பாட்டில். புரியாததை எல்லாம் கெட்டுப்போச்சுன்னு எழுதுனா பாஸ் ஆக முடியாது," என்றார்.

சரி சார் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வந்தது பாருங்கள் கோபம். ஏன், எனக்குத் தெரியாதா? ஒரு பாட்டில் நாறுதுன்னு சொல்றதுக்குக்கூட நான் இன்னொருத்தர்ட்ட கேக்கணுமா? பிரெஞ்சுக்காரன் பாட்டில்னா நாறாதா? நானும் அருப்புக்கோட்டை தறிக் குடோன்ல லீவுக்கு லீவு அட்டை மடிச்சவதான். நனைஞ்ச அட்டை எனக்குத் தெரியும்!

அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்கு மதுரைக்கு நூல் லோடு இருக்கு. அதே பாட்டல் இன்னொண்ணு வாங்கிட்டு வாரேன். ரெண்டையும் வச்சுப் பாரு," என்றான்.

அந்தக் கடைக்குள் அவனை அனுப்புவதா? மதினியைப் பார்த்தேன். மதினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போயிட்டு வரட்டும். திரும்பி வரும்போது எம்மூக்கு இங்கதான இருக்கும்," என்றார்.

மார்ச் 29, சனி

ஜெயித்தேன்!

அண்ணன் நாலு மணிக்கு வந்தான். மதினி அவன் சட்டையைக்கூட மோந்து பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார், தெரிந்துவிட்டது. உள்ளே போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதுவே இந்த வீட்டில் பெரிய விஷயம்.

ஒரு கிளாஸில் நேற்றைய பாட்டில், இன்னொன்றில் இன்றையது. நான் வெளியே போய் நின்றேன். அண்ணன் மாற்றி மாற்றி வைத்தான். எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் சரியாகச் சொன்னேன். புதுப் பாட்டிலில் செர்ரி மணக்கிறது, மிளகு மணக்கிறது, கடைசியில் வெயிலில் காய்ந்த புகையிலை. இது ஒயின். அது நனைந்த அட்டை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அம்மாகூட வந்து இரண்டையும் மோந்து பார்த்தாள். "இது நாறுது," என்றாள், நேற்றைய கிளாஸைச் சரியாகக் காட்டி.

உதயகுமார் சாருக்கு மெசேஜ் அனுப்பினேன்: "சார், இரண்டாவது பாட்டில் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் பாட்டில் கெட்டதுதான். எட்டுக்கு எட்டு." அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "சாரி சுகந்தி. நான் அவசரப்பட்டேன்."

அதை மூன்று தடவை படித்தேன். மதினிக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணனுக்கு ஒரு தடவை. முற்றத்தில் கட்டிக் கிடக்கும் ஆட்டுக்கு வாசித்துக் காட்டாததுதான் பாக்கி.

மார்ச் 30, ஞாயிறு

ஐந்தாவது, ஆறாவது பாட்டிலை ஒரே நாளில் முடித்தேன். அம்மாவின் முதல் நிபந்தனையை மீறியாயிற்று. நேற்று ஜெயித்த தைரியம்.

ஆனால் ஒன்று. மூக்கு பழகிவிட்டது, வாய் பழகவில்லை. மோந்து முடித்ததும் கிளாஸ் உதட்டுக்கு வந்து, தொடாமல், மேலே போகப் பார்க்கிறது. கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். ஏம்மா எங்கள இப்படி அண்ணாந்து குடிக்கப் பழக்கிவிட்ட? வாய் வச்சா அப்படி அடிப்பியே?

அம்மா அடுப்பெரிக்கப் பருத்தி மார் ஒடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"காட்டு வேலைக்கு ஒங்களையும் கூட்டிட்டுப் போவேன். தாகம்னா காட்டுக்காரவுக வீட்டுச் செம்புல தண்ணி தருவாக. சின்னப்பிள்ளைக தெரியாம வாய் வச்சிருச்சுன்னு வையி, அந்தச் செம்ப அங்கயே நம்ம கண்ணு முன்னாடி மண்ணப் போட்டு வெளக்குவாக. எனக்கு ஒருக்கா நடந்துச்சு. எம்பிள்ளைக அதப் பாக்கக் கூடாதுன்னுதான் அடிச்சுப் பழக்குனேன்."

எத்தனை தடவை அந்த அடியை நினைத்து அம்மாவைக் கரித்துக் கொட்டியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே வந்தாள். "அது ஒனக்குன்னு குடுத்த கிளாசுதான?"

"ஆமா."

"பெறகு என்னடி? வாய வச்சுக் குடி."

குடித்தேன். உதடு கண்ணாடியில் பட்டது. அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துப்ப மறந்து விழுங்கிவிட்டேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் மார் ஒடிக்கப் போனாள்.

மார்ச் 31, திங்கள்

பாட்டில் எல்லாம் போயிற்று. நாளை காப்புக் கட்டு. வீடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவியாயிற்று. முருங்கை மரம் மட்டும் இன்னும் லேசாக மணக்கிறது என்கிறார் மதினி.

ஏப்ரல் 4, வெள்ளி

அதே அறை, அதே பெரியவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார், உதட்டோரம் ஒரு சிரிப்பு. சிரிக்கட்டும்.

உட்கார்ந்தேன். முதல் கிளாஸ். மூக்கு, பிறகு வாய், பிறகு துப்பு. கை அது பாட்டுக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. மிளகாய் வந்தது, கொய்யா வந்தது, கருவேலம்பட்டையில் பல் தேய்த்தால் ஈறு இறுகுமே, அது வந்தது. மனதில் தமிழில் வந்ததைத் தாளில் இங்கிலீஷில் எழுதினேன். ஐந்தாவதில் கொஞ்சம் திணறினேன், இத்தாலியா ஸ்பெயினா என்று. ஸ்பெயின் என்று எழுதிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து மதினிக்குப் போன் போட்டேன். ஆறையும் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "அஞ்சாவதுல அவசரப்பட்டுட்டியோ?" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

பாஸ். ஐந்தாவது மட்டும் தப்பு, இத்தாலிதானாம். மதினி சொன்னது சரி. மற்ற ஐந்தும் சரி. முப்பத்தோரு பேரில் ஐந்து சரியாக எழுதியவர்கள் இரண்டு பேர்தான், அதில் நான் ஒருத்தி!

அம்மா போனில், "எல்லாருட்டயும் என்ன பாசுன்னு சொல்ல?" என்று கேட்டாள். மோந்து பார்ப்பதில் என்று சொல்லச் சொன்னேன்.

மே 10, சனி

ஒயின் பொறுப்பு இனி எனக்குத்தான், கோட்டில் சின்னதாகத் தங்க நிறத் திராட்சைக் குலை பேட்ஜ் குத்தியிருக்கிறார்கள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், யாரும் பார்க்காத நேரத்தில்.

மதியம் ஒரு மேஜையில் மூன்று பேர். அவர்களில் வயதில் மூத்தவர் என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு வந்தார்.

"எந்த ஊரும்மா?"

"அருப்புக்கோட்டைப் பக்கம் சார்."

"அட, எனக்கு அங்கதான் மில்லு! எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"தெரியும், தெரியும். ஊருக்குள்ளயா வீடு, ரோட்டுக்கு அங்கிட்டா?"

இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் பிறந்த எல்லோருக்கும் தெரியும். போன வருடம் யாராவது கேட்டிருந்தால் ஊருக்குள் என்று சொல்லித் தப்பியிருப்பேன்.

"அங்கிட்டு சார். காலனி."

"ம்," என்றார். மெனு அட்டையைப் பார்த்தார். கூட வந்தவர் ஒரு சிவப்பு ஒயினைக் காட்டினார், கொண்டுவந்தேன்.

பாட்டில் கெட்டிருக்கிறதா என்று ஊற்றுகிறவள் முதலில் ருசி பார்க்க வேண்டும். எங்கள் ஹோட்டலின் சட்டம் அது. அவர்கள் முன்னாலேயே கார்க்கை எடுத்து, என் கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றினேன். மூக்கை விட்டேன். வாய் வைத்துக் குடித்தேன், அவசரப்படவில்லை. மேஜையில் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கு சார்," என்றேன்.

மில்காரர் தன் கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஊற்றினேன்.