பயப்பட வாணாம், உள்ளுக்கு வாங்க

04.02.1946, திங்கள்
வென்றுவிட்டேன்! கொழும்பு வெள்ளவத்தையில் விழாக் குழுவோடு மூன்று மணி நேரச் சண்டை. ‘இலங்கைத் தமிழ்க் கலை விழா’ என்று பெயரை வைத்துவிட்டு, என் நாடகத்தில் எல்லோரும் “தாங்கள் யாது கூறுகிறீர்கள்?” என்று பேச வேண்டுமாம். குண்டு விழும்போது கொட்டாஞ்சேனையில் எவன் ஐயா அப்படிப் பேசினான்? கடைசியில் தலைவர் நாகேந்திரம் இறங்கி வந்தார். “சரி ஹியூபேட், எங்கட பேச்சிலையே போடும். எங்களுக்கெண்டும் ஒரு தமிழ் வேணும்தான்.”

07.02, வியாழன்
முதல் ஒத்திகை. நண்பன் ஹமீட் தன் வாப்பாவாக நடிக்கிறான். நாடகமே அந்த மனிதரைப் பற்றியதுதான். நாற்பத்திரண்டில் யப்பான்காரன் குண்டு போட்ட ஈஸ்டர் காலையில், மாதா கோயிலிலிருந்து சிதறி ஓடிய எங்களைத் தன் கடைக் கதவைத் திறந்து கூப்பிட்டவர். “பயப்பட வாணாம் புள்ளயள், உள்ளுக்கு வாங்க. அல்லா ஈக்கிறான்.” அவர் மௌத்தாகி அடக்கமாகி ஒரு வருடம். ஹமீட் அந்த வரியைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

10.02, ஞாயிறு
நாகேந்திரம் ஒத்திகை பார்க்க வந்தார். “எல்லாம் நல்லாயிருக்கு. ஹமீட் கதைக்கிறது மட்டும் வேறையாக் கிடக்கு. மேடையில ஒரு தமிழ்தான் இருக்க வேணும். மாத்தும், இல்லாட்டி வேறை நாடகம் பாப்பம்.”
எட்டு மாதம் எழுதியது. வேறு நாடகமாம்!

12.02
மாற்றிவிட்டேன். “பயப்பிடாதேங்கோ பிள்ளையள், உள்ளை வாங்கோ. கடவுள் இருக்கிறார்.” கருத்து அதேதானே?

14.02, வியாழன்
தாளைப் பார்த்து ஹமீட் கேட்டான்: “எங்கட வாப்பா எப்ப மச்சான் இப்பிடிப் பேசின? நாங்க பேசினது தமிழ் இல்லயா?”
நான்தான் கத்தினேன். விழாவே கெடப் போகுது, உனக்கு ஒரு வரி பெரிசாப் போச்சா — அப்படியெல்லாம். அவன் கத்தவில்லை. “உம்மா பாக்க வாராங்க. அதுக்காகச் செய்றேன்,” என்றான்.

19.02
திருப்பி மாற்றலாமா? நிகழ்ச்சித்தாள் அச்சாகிவிட்டது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சும்மா சாட்டு. எனக்குப் பயம்.

23.02, சனி
மண்டபம் நிறைந்த சனம். சைரன் ஒலித்ததும் துருக்கித் தொப்பியும் சாரமுமாக ஹமீட் வந்து கதவைத் திறந்தான். “பயப்பிடாதேங்கோ பிள்ளையள்—” பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர். பிறகு மண்டபமே! அந்தத் தொப்பிக்குள்ளிருந்து வெள்ளவத்தை யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் பேச்சு வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மேடையில் குண்டு விழுகிறது, சனம் கைதட்டிச் சிரிக்கிறது. ஹமீட் ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தான். பெண்கள் வரிசைப் பக்கம் நான் பார்க்கவேயில்லை.

25.02, திங்கள்
பத்திரிகையில் வந்திருக்கிறது. ‘இலங்கைத் தமிழருக்கென ஒரு குரல் பிறந்தது.’ என்னைப் பற்றி முழுப் பத்தி. கடைசி வரி: ‘முஸ்லிம் முதலாளியின் நகைச்சுவை வயிறு குலுங்க வைத்தது.’ நாகேந்திரம் நான் வேலை செய்யும் கந்தோருக்கே வந்து கை குலுக்கினார். யாழ்ப்பாணத்திலும் போடலாமாம்.

பின்னேரம் ஹமீடின் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து உம்மா கேட்டார்:
“மகன், குண்டு போட்ட அண்டைக்கு அவர் கூப்பிட்டது உங்களுக்கு வெளங்கினதுதானே?”