காயாத சிலிக்கானும் வாளியில் ஐந்து மீன்களும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். வீட்டில் இருவரும் நலம். நாலு மாதமாக வாயே திறக்காத மனுஷர் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்று யோசிக்காதே. விஷயம் உன் மீன்களைப் பற்றியது.

நீ கிளம்பிய அன்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அவ்வளவு தூரத்துல அந்த வேலைதான் வேணும்னா போ. மீனையும் தூக்கிட்டுப் போ, என்னால பாத்துக்க முடியாது" என்றேன். நீ பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீயோ, "ரெண்டு வேளை ஒரு சிட்டிகை போதும்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அன்று சாயங்காலத்திலிருந்து ஒரு வேளைகூடத் தவறாமல் போடுகிறேன். அம்மா இதையெல்லாம் போனில் ஒப்பித்திருப்பாள். அவள் வாயில் எது நின்றிருக்கிறது?

அவள் சொல்லாததைச் சொல்கிறேன். தொட்டி ஒழுகிவிட்டது. குற்றவாளி நான்தான். அதை உன் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றப் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையில், தினம் இரண்டு வேளை அந்தக் காலி அறைக்குள் போய் நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. தண்ணீரை இறைக்காமல் தனியாளாகத் தூக்கியதில் தொட்டியின் மூலையில் ஒட்டு விட்டுவிட்டது. என் முதுகிலும் ஏதோ விட்டுவிட்டது. மீன்கள் இப்போது குளியலறையில், பெரிய நீல வாளியில். காற்றுக் குமிழி விடும் குழாயையும் அதிலேயே போட்டிருக்கிறேன். நான் குளிக்கும்போது அந்தக் குண்டு மீன் மேலே வந்து பார்க்கிறது. இந்த வயதில் வெட்கமாக இருக்கிறது.

மூலையில் இருக்கும் பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும் என்றார் மாடி வீட்டு டெய்லர். கண்ணாடி ஒட்ட டெய்லரிடம் யோசனை கேட்ட புத்திசாலி நான். பரணில் கிடந்த ட்யூபை எடுத்துத் தாராளமாகப் பிதுக்கினேன். ஒரு நாளில் காயும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு வாரம் ஆகியும் மென்று துப்பிய பபிள்கம் மாதிரியே இருந்தது. காய்ந்ததா காய்ந்ததா என்று மணிக்கொரு தரம் விரல் வைத்ததில் என் சட்டை, செய்தித்தாள், அம்மாவின் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் அது ஒட்டியிருந்தது, தொட்டியைத் தவிர. அப்புறம்தான் ட்யூபின் அடியைப் பார்த்தேன். காலாவதியாகி இரண்டு வருடம். புது ட்யூப் வாங்கப் போனபோது ஹார்டுவேர் கடைக்கார அம்மா இன்னொன்றும் சொன்னார். நான் காட்டிய பழைய ட்யூப் குளியலறைக்கு உள்ளதாம், பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்குமாம். ஒழுங்காகக் காய்ந்து தொலைத்திருந்தால் நானே மீன்களுக்கு விஷம் வைத்திருப்பேன்.

இரண்டாவது முறை எல்லாம் முறைப்படி. பிளேடால் வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மீன் தொட்டிக்கென்றே இருக்கும் ட்யூபால் மெல்லிசாகப் பூசினேன். தூசி படக்கூடாது, உன் அம்மா கை வைக்கக்கூடாது என்று பாலிதீன் தாளால் மூட்டை மாதிரி சுற்றி, டேப் ஒட்டி, அறைக் கதவையும் சாத்தினேன். நாலு நாள் கழித்துப் பிரித்தால் காயாத பசையின் வினிகர் நெடி முகத்தில் அடித்தது. மேலே தோல் கட்டியிருந்தது. அழுத்தினால் உள்ளே கொழகொழ.

சண்டை பிடிக்கத்தான் கடைக்குப் போனேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "சார், காத்துல இருக்கற ஈரத்தை எடுத்துக்கிட்டுத்தான் அது இறுகும். நீங்க மூட்டை கட்டி வெச்சா அது என்ன பண்ணும்? ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு, கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றார். ஆணி வாங்க வந்தவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டே தடவை பாத்ததுல அந்தம்மாவுக்கு உங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

இப்போது தொட்டி ஜன்னலோரம் திறந்து கிடக்கிறது. நெடி பாதி குறைந்துவிட்டது. முழுக்கப் போனதும் ஒரு நாள் வெறும் தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் மீன்களை விடுவேன்.

இன்னொன்று. மேலேயே எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. ஆறில் ஒன்று போய்விட்டது, வாலில் கறுப்புப் புள்ளி இருக்குமே, அதுதான். வாளிக்கு மாற்றிய மறுநாள் காலையில் பார்த்தேன். ஓடிக்கொண்டே இருப்பதை யார் எண்ணப்போகிறார்கள் என்று அம்மாவிடம் மறைத்தேன். "அன்னிக்கே எண்ணிட்டேன், அஞ்சுதான். நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றாள். அவளிடம் திட்டு வாங்கியாயிற்று. நீயும் திட்டலாம்.

அந்த வேலைக்கு நீ போயிருக்கக் கூடாது என்று இப்போது நான் நினைக்கவில்லை. இதை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதே. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நானாகப் போனைக் கேட்டு வாங்க மாட்டேன், உனக்குத்தான் தெரியுமே. "அப்பா இருக்காரா" என்று ஒரு வார்த்தை கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன்
அப்பா