நான் பிடுங்கிய கட்டை

சேசு மரி சூசை

மன்னார் கரை,
23.06.2020

அன்புள்ள தம்பி ஜெனோஜனுக்கு,

அக்கா பெற்றிசியா எழுதுகிறேன். இங்கே எங்கள் ஒருவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று எங்கள் கோயில் சந்தியோகுமையோரை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன். உன் விலாசத்தைப் பள்ளிமுனை மாமியிடம் வாங்கினேன். கேட்ட உடனே அவர் தரவில்லை. "மூண்டு வருசமாத் தேடாத தம்பியை இப்ப என்னத்துக்குத் தேடுறாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் தந்தார். கேட்டது நியாயம்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். ஊரில் இன்றைக்கும் சேமக்காலை மணல் மேட்டில்தான் சிக்னல் வரும். அதிலும் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் போய் நின்றால் இரண்டு கோடு. எந்த நேரம் போனாலும் அங்கே ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். போன மாதம் சவிரிமுத்தண்ணன் தன் மூலவியாதிக்கு டொக்டரிடம் மருந்து கேட்டதை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டு, இப்போது அவரைக் கண்டால் கதிரை கொடுத்து "பாத்து இருங்கோ அண்ணை" என்று பகிடி பண்ணுகிறார்கள். நான் உன்னிடம் சொல்ல வேண்டியது அதைவிட வெட்கக்கேடு. மூன்று தரம் உன் நம்பரை அடித்தேன். மணி போகமுன் நிறுத்திவிட்டேன். சனத்துக்குப் பயந்து மட்டும் அல்ல.

அத்தான் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஊரடங்கு நேரம் நண்டு வாங்க லொறி வரவில்லை. பிடித்ததை நாங்களே அவித்துத் தின்றோம். இரண்டு மாதம் நண்டு தின்ற வாய்க்கு ஒரு கத்தரிக்காய்க் கறி பலகாரம் மாதிரி இருந்தது. இப்போது பஸ் ஓடுகிறது, கோயிலும் திறந்துவிட்டது. ஐம்பது பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. ரீச்சர்மார் போனில் பாடம் நடத்துகிறார்கள். டவுன் பிள்ளைகள் வீட்டு மேசையில் இருந்து படிக்க, எங்கள் பிள்ளைகள் பாயும் குடையுமாகச் சேமக்காலைக்குப் போகிறார்கள். உன் மருமகள் றொசானாவுக்கு இந்த வருடம் உயர்தரப் பரீட்சை. அவளுடைய இடம் எங்கள் அப்பாவின் கல்லறை. படம் அசையாது; கணக்குச் சேர் வாயைத் திறந்தபடி நிற்பார்; குரல் மட்டும் விட்டு விட்டு வரும். கணக்கின் தலை வந்தால் வால் வராது. போன கிழமை போய்ப் பார்த்தால், கல்லறையின் வெள்ளைச் சுவரில் கரியால் கணக்குச் செய்து வைத்திருக்கிறாள். கொப்பியை எடுத்துப் பக்கம் புரட்டுவதற்குள் சேரின் குரல் போய்விடுமாம். அடிக்கக் கை ஓங்கினேன். கை இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு வஸ்தியாம்பிள்ளையர் வைகாசியில் செத்துப்போனார். சாமியார் குழிக்கு முன்னால் நின்று செபம் சொல்கிறார். நாலு கல்லறை தள்ளி ஒரு போனுக்குள் இருந்து ஐந்தாம் வகுப்பு ரீச்சர், "இன்னும் சத்தமாச் சொல்லுங்கோ பிள்ளையள்" என்கிறார். பிள்ளைகளும் பாவம், சொல்வதா விடுவதா என்று தெரியாமல் முழிக்கிறார்கள். செத்தவரின் மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் றொசானா ஒன்று கேட்டாள். மாமா இங்கே நட இருந்த போன் டவரைப் பற்றி உங்களிட்ட மட்டும் முதலே சொல்லியிருந்தால் நீங்கள் ஊருக்கு விளங்கப்படுத்தியிருப்பீர்கள்தானே அம்மா, அவர் ஏன் களவாக ஆட்களை அனுப்பினார் என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு நட என்று ஏசினேன். பிள்ளை என்ன பிழை கேட்டது?

தம்பி, நீ சொன்னாய். எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாய். நீ போனில் சொன்ன அன்றைக்குச் சேமக்காலையில் வேறு ஒருவரும் இல்லை. கேட்டது நான் ஒருத்தி மட்டும். "அக்கா, வாற வெள்ளி டவர் நட எங்கட கம்பனி ஆக்கள் அளக்க வருவினம். ரெண்டு பரப்புக் காணி, அதுவும் வாடகைக்குத்தான். ஒருத்தற்ற நிலமும் போகாது. வேகமான இணையம் வரும், பிள்ளையளுக்கு உதவும். கோயில் பங்குச் சபைத் தலைவரிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்கோ, சனம் அளவுக் கட்டையைக் கண்டாப் பயந்திடும்." சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஓம் என்றேன். அந்த ஓமோடு உன் அலுவல் முடிந்தது என்று நீ நம்பிவிட்டாய்.

நான் ஏன் சொல்லவில்லை தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. அது வைகாசி, மாதாவின் வணக்க மாதம். மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாக வரும் முறையில் பதின்மூன்றாம் திகதி எங்கள் வீட்டுக்கு. பாத்திமா மாதா நாள் என்று நான் வீட்டுக்கு வெள்ளையடித்து, பால்சோற்றுக்கு அரிசியும் வாங்கி வைத்திருந்தேன். சபைத் தலைவர் இன்னாசிமுத்து அண்ணனின் மனைவி மெற்றில்டா அதைத் தன் மகள் வீட்டுக்கு மாற்றிவிட்டாள். மறுநாள்தான் நீ போன் எடுத்தாய். அவள் வீட்டு வாசலில் போய் நின்று என் தம்பி இப்படிச் சொன்னான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தம்பியல்லவா டவர் கொண்டுவருகிறான், வந்த பிறகு பார்த்து வாய் பிளக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதும் இருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

கட்டைக்கு எங்கள் சனம் ஏன் பயப்படும் என்று உனக்குத் தெரியும். சண்டை முடிந்து, முகாமில் கிடந்து திரும்பி வந்தபோது ஊரின் வடக்குப் பக்கம் முழுக்கப் படையினர் நட்ட சிவப்பு நுனிக் கட்டையும் முள்ளுக்கம்பியுமாக இருந்தது. அந்தக் காணிகள் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுப்பாடு வந்தது: தெரியாத வாகனம் நிலம் அளக்க வந்தால் கோயில் மணி அடிக்க வேண்டும், மணி கேட்டால் உலையை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் வர வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மணி அடித்தது. நானும் ஓடினேன். மணி எதற்கு அடிக்கிறது என்று ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், தெரிந்துகொண்டே ஓடினேன். போவதற்குள் பெண்கள் கட்டைகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். நில்லுங்கோ, இது என் தம்பியின் ஆட்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால், முதலே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சும்மா நின்றாலும் கேட்பார்கள். குனிந்து நானும் ஒரு கட்டையைப் பிடுங்கினேன். உன் ஆட்களில் ஒரு பொடியன், "உங்கட ஊர் ஜெனோஜன்தான் எங்களை அனுப்பினவர்" என்று கத்தினான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. உனக்குத் தெரியாதோ என்று மெற்றில்டா கேட்டாள். "எனக்கொண்டும் தெரியாது, அவன் எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்றேன். என் கையில் அந்தக் கட்டை இருந்தது.

அதோடு நீ ஊர்க் காணியைக் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிட்டாய். பெற்ற தாய் மாதிரி வளர்த்த அக்காவுக்கே மறைத்தவன் என்று பேச்சு. ஆடித் திருவிழாவுக்கு நீ வந்தபோது சுரூபம் தூக்கும் ஆட்களில் உன் பெயரை வெட்டியிருந்தார்கள். சுற்றுப்பிரகாரத்தில் உனக்குப் பக்கத்தில் ஒருவரும் நடக்கவில்லை. நீ குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாய். நான் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் திரும்பிக்கொண்டேன். அக்காவிடம் சொன்னேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பிடித்திருக்கும். நீ சொல்லவில்லை. விடிய முதல் பஸ்ஸில் போய்விட்டாய். கம்பனி உன்னை அம்பாந்தோட்டைக்கு மாற்றியதைக்கூடப் பள்ளிமுனை மாமி சொல்லித்தான் அறிந்தேன். டவரையும் அடுத்த ஊரில் நட்டுவிட்டார்கள்.

இரண்டு பாஸ்காத் திருநாளுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன், புறணி பேசினேன், வெள்ளிக்கிழமை இறைச்சி தின்றேன் என்று சில்லறைப் பாவங்களை எல்லாம் சொல்லிவிட்டு, இதை மடிக்குள் வைத்துக்கொண்டு எழும்பி வந்தேன். பூசையில் நற்கருணை நன்மையும் வாங்கினேன்.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் கூட்டம். பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்து எல்லோருக்கும் இப்போது டவர் வேண்டும். இன்னாசிமுத்து அண்ணன் எழும்பி, "நடந்தது நடந்துபோச்சு. ஜெனோ எங்கட பிள்ளைதானே, அவனை மன்னிச்சு விடுவம். அவனுக்கு எழுதி இந்த அலுவலைப் பாக்கச் சொல்லுவம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது, தம்பி. கடிதத்தை நானே எழுத வேண்டுமாம். சபையின் முத்திரை குத்திய தாளும் தந்தார்கள். வெளியில் வரும்போது மெற்றில்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பியெண்டும் பாராமல் அண்டைக்கு நீ ஊரோட நிண்டனி. அதை நாங்கள் மறக்கேல்லை" என்றாள். அவள் அப்போது என் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

உன்னை அவர்கள் மன்னிக்கிறார்களாம்! முத்திரைத் தாளை மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்து எழுத முடியவில்லை. நேற்றுப் பகல் அத்தான் வலை பொத்திக்கொண்டிருந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. வலையைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தத் திருவிழா அண்டைக்குச் சாப்பாட்டு மேசையில பொடியன் என்ர முகத்தையும் பாத்தவன். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனனான்" என்று மட்டும் சொன்னார். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

சபையின் தாளை இதோடு நான் வைக்கவில்லை. டவர் வேண்டுமென்றால், உண்மை தெரிந்த பிறகு, அவர்களே உன்னிடம் கேட்கட்டும். நீ செய்தாலும் செய், விட்டாலும் விடு. அதற்காக நான் உன்னிடம் ஒரு சொல்லும் பரிந்து பேசமாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. நாளைக்குத் தபாற்கந்தோரில் போட்டால் உன் கைக்கு வர ஐந்தாறு நாள் செல்லும். மற்றதை வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் வாசிப்பேன். மாதா முறைச் சண்டையில் இருந்து கட்டை வரைக்கும், ஒரு வரி விடாமல் வாசிப்பேன். என் பிள்ளை முன் வரிசையில் இருப்பாள். குரல் அடைத்தால் அத்தானிடம் கொடுப்பேன். அவர் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ இதைப் பிரிக்கும் நேரம் ஊருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இனி நீ எனக்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, ராசா.

வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன். திருவிழாவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. ஏதாவது ஒரு சாதாரண நாளில், சொல்லாமல் கொள்ளாமல் வா. வந்து என்னை ஏசு. பேசாமல் மட்டும் போய்விடாதே.

அம்மா போன பிறகு, நீ எங்கே புறப்பட்டாலும் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பியவள் நான். அன்றைக்கு விடியப்புறம் நீ போனபோது பாயில் முழித்துக்கொண்டுதான் கிடந்தேன், எழும்பி வரவில்லை. இந்தக் கடிதத்தின் அடியிலாவது ஒரு சிலுவை போட்டு உன்னை ஆசீர்வதிப்போம் என்று பேனையைக் கொண்டு போனேன். போடவில்லை. நீ வந்து, போடுங்கோ அக்கா என்று தலையைக் குனிந்தால் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் பெயரைக் கெடுத்த அக்கா,
சி. பெற்றிசியா