வெள்ளிக்கிழமை ஓடாத படகு

இன்று காலை சம்பலுக்கு மாசிக் கருவாடு இடித்தேன். உரலில் இரண்டாவது போடு விழுந்ததும் எழும்பிய வாசனையில் கை அப்படியே நின்றுவிட்டது. கண்டிச் சந்தையில் வாங்கிய மாசிதான். ஆனால் எனக்கு மாசி என்றால் இனி எப்போதும் மாலைதீவில் நாம் ஏறிய அந்தத் தோணிதான், மூட்டை மேல் குந்தியிருந்த நீங்கள்தான். நீங்கள் கண்மூடிப் பதினோரு மாதம் ஆகிறது.

ஆசிரியர் அறையில் யாரோ மாலைதீவுப் படங்களைக் காட்டிய அன்று, "அங்க ஒரு ராத்திரி தங்கினா நம்ம ரெண்டு பேர் சம்பளமும் போயிரும்ங்க" என்றேன். அடுத்த வாரம் உங்கள் ஊர் திகனயிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது உங்களிடம் திட்டம் தயாராக இருந்தது. வெள்ளைக்காரர் போகும் தீவுகள் வேண்டாம், ஊர்ச்சனம் வாழும் தீவுகளில் சின்ன விடுதிகள் உண்டு. ஆகஸ்ட் விடுமுறையின்போது அங்கே மழைக்காலம், எல்லாம் பாதி விலை. தீவுக்குத் தீவு போக வேகப்படகு வேண்டாம், ஊரார் போகும் படகு போதும். என் டிக்கட்டுக்கும் நீங்களே வழி சொன்னீர்கள்: "பெரஹரா ஊர்வலம் பாக்க ஆக்கள் வருவாங்க தானே டீச்சர், ஒங்கட முன்னறைய வாடகைக்குக் குடுங்க." கொடுத்தேன். பத்து நாள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்ததை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

உங்கள் வீட்டில்தான் சிக்கல். நீங்கள் நாநா என்று கூப்பிடும் உங்கள் அண்ணன், "ரெண்டு பொம்புளைங்க தனியா கடல் தாண்டிப் போறதா?" என்று குதித்தார். உங்கள் கணவர் வாயே திறக்கவில்லை. பஸ் நிலையத்தில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "நான் ஒழுங்காப் போயிட்டு வந்தாத்தான் நாளைக்கு என்ட மகளும் போகலாம். ஒண்டு பிசகினா அவட கதவையும் சேத்துப் பூட்டிருவாங்க." நமக்கு அது வெறும் சுற்றுலா இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எப்படியோ கிளம்பிப் போய் இரண்டு தீவுகள் பார்த்தோம். தேநீர்க் கடையில் மீனும் தேங்காய்ப்பூவும் பிசைந்து கொடுத்தபோது, "கடல் தாண்டி வந்தும் நமக்குச் சம்பல் தானா?" என்று சிரித்தீர்கள். முழங்காலளவு தண்ணீரில் அபாயாவோடு நின்று, மணிக்கணக்கில் வெளியே வர மறுத்தீர்கள். அவ்வளவு சந்தோசமாக உங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை தலைநகரிலிருந்து விமானம். வெள்ளி காலை பைகளோடு இறங்குதுறைக்குப் போனால் ஈ காக்கை இல்லை. துறையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒருவர், வெள்ளிக்கிழமை விடுமுறை, படகு ஓடாது என்றார். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளி மத்தியானம் கூட்டம் வைத்தால், "ஜும்ஆத் தொழுக நேரத்துல கூட்டமா?" என்று அதிபரிடமே சண்டை பிடிப்பவர் நீங்கள். "நேரத்தப் பாத்தேன், விலையப் பாத்தேன். கெழமைய மட்டும் பாக்கல்லயே டீச்சர்" என்று பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். வேகப்படகுக்கு டொலரில் கேட்ட தொகை நம் இருவரிடமும் சேர்த்தே இல்லை. "நாநாவுக்கு இது போதும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

எனக்குக் கேட்க வராது என்று உங்களுக்குத் தெரியும். கண்டிச் சந்தையில் விலை குறைக்கக் கேட்காமல் சொன்ன விலைக்கே வாங்கி வருகிறவள் நான். "என்னத்துக்கு வெக்கம்? கேப்போம். இல்லண்டா இல்லண்டு செல்லட்டும்" என்று எனக்காகப் பேரம் பேசுவது எப்போதும் நீங்கள்தான். அன்று நீங்கள் எழும்பவில்லை. துறையின் மறுமுனையில் ஒரு சரக்குத் தோணியில் மாசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானே எழும்பிப் போனேன். உடைந்த இங்கிலீசில், உங்கள் மகளின் கதை வரைக்கும் சொல்லிக் கேட்டேன். தோணிக்காரர் நம்மை ஒரு தரம் பார்த்துவிட்டு, தொழுகை முடிந்ததும் கிளம்புவோம், வாருங்கள் என்றார். ஐந்து மணி நேரம் மூட்டை மேல் போனோம். நான் வாந்தி எடுத்தேன், நீங்கள் ஓதிக்கொண்டே என் முதுகைத் தடவினீர்கள்.

ஊர் திரும்பிய அன்று விமான நிலையத்துக்கு வேன் கொண்டு வந்த நாநா, "என்ன இது, ஒரே மாசி வாசம்?" என்றார். "மலிவா ஈந்திச்சு, வாங்கினோம்" என்றீர்கள், கண் சிமிட்டாமல். நடந்ததை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று நாம் பேசி வைத்திருந்தோம். உங்கள் நோயின் கடைசி நாட்களிலும் நான் அந்த வாக்கை மீறவில்லை.

போன ஞாயிறு உங்கள் கணவர் மகளோடு குண்டசாலைக்கு என் வீட்டுக்கு வந்தார். கம்பஸில் கூடப் படிக்கும் கூட்டாளிமார் இரண்டு பேரோடு அவள் அதே தீவுகளுக்குப் போகிறாளாம். "நீங்க போய் வந்தவங்க, அவட திட்டத்த ஒருக்கா பாத்துக் குடுங்க டீச்சர்" என்றார். ஒன்றும் பிசகாத பயணம் என்று நம்பியல்லவா மகளை அனுப்புகிறார்? மனம் கேட்காமல் முழுவதையும் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவ வந்த அண்டைக்கே எனக்கு எல்லாம் செல்லிட்டா டீச்சர். நீங்க எழும்பிப் போய்க் கேட்டத எத்தன தரம் செல்லீப்பா. பிசகாதுண்டு நெனச்சி நான் மகள அனுப்பல்ல. பிசகினாலும் வந்து சேரலாமுண்டு நீங்க ரெண்டு பேரும் காட்டினீங்க தானே. அதாலதான் அனுப்புறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும்தான். என்னை வாய்மூடச் சொல்லிவிட்டு நீங்கள் அன்றைக்கே கொட்டித் தீர்த்திருக்கிறீர்கள். சரி, போகட்டும். நீங்கள் பயந்த அந்தக் கதவு பூட்டப்படவே இல்லை.

கேட்பதற்கு இப்போது எனக்கு வெட்கமில்லை. நீங்கள் போன பிறகு வங்கியில், ஆஸ்பத்திரியில், எங்கேயும் கேட்கிறேன். அன்றும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்கள் மகளிடம், "உன் கூட்டாளிமாருக்குத் தொந்தரவு இல்லன்னா நானும் வரவாம்மா?" என்று கேட்டேன்.

அவள் போனிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "வாங்க டீச்சர். நாலு பேருண்டா ரூம் ஆளுக்கு மலிவு" என்றாள்.