தேரி மூடிய ரோடு

முத்தையாபுரம்
13-1-2025

அன்புள்ள அனுசியாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீயும் உன் கருப்பட்டிக் கடையும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசினால் நமக்கு உடனே சண்டை வந்துவிடுகிறது, கடிதம் எழுதிப் பாருங்கள் என்று மகள் ஐஸ்வர்யா சொன்னாள். எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

நேற்று திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுச் சும்மா தெற்கே நடந்தேன். இப்போதுள்ள ரோடு வருவதற்கு வெகுகாலம் முன்னால், மாட்டுவண்டி ஓடிய நாளில், உடன்குடிக்கு வேறொரு பெரிய ரோடு இருந்தது என்று ஹார்பரில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அது இன்னும் இருக்கிறது அனுசியா. உடைமுள்ளுக்குள் புகுந்தால் இரண்டு பக்கமும் ஓரக்கல், நடுவில் இறுகிப்போன சல்லி. சட்டை கிழிந்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் கிரேன் மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு, தரையில் குனிந்து ஒரு ரோட்டைத் தேடுவது பிடித்திருக்கிறது. அடுத்த ஞாயிறும் போவேன்.

பிப்ரவரியோடு எனக்கு ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு எங்கே, என்ன என்று ஒன்றும் யோசிக்கவில்லை.

லிங்கராஜ்


உடன்குடி
20-1-2025

அன்புள்ள அத்தானுக்கு,

கிழிந்தது எந்தச் சட்டை? தீபாவளிக்கு நான் எடுத்து அனுப்பிய நீலச் சட்டை என்றால் இனி முள்ளுக்குள் அதைப் போடாதீர்கள். முள் குத்தியிருந்தால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ள உடம்பு.

பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவித்தேன். உங்களுக்கென்று ஒரு கட்டு எடுத்து வைத்தேன், எடுத்து வைத்ததோடு சரி. திருச்செந்தூர் வரை வந்தவருக்கு இன்னும் கொஞ்ச தூரம் பஸ் ஏற முடியவில்லை. அப்பா இறந்து, கடையைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே தங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கருமாதிக்கு வந்து போனவர் பிறகு இந்தப் படி ஏறவில்லை. எனக்கு வருத்தம்தான், வேறென்ன சொல்ல.

கடையில் எனக்குத் துணையாக இருக்கும் அருணாசலவடிவிடம் உங்கள் ரோட்டுக் கதையைச் சொன்னேன். "ஏளா, ஒன் வீட்டுக்காரரு ரோட்டத் தேடுதாரா, வீட்டத் தேடுதாரா?" என்று கேட்கிறாள்.

அனுசியா


முத்தையாபுரம்
3-2-2025

அன்புள்ள அனுசியாவுக்கு,

ரோட்டைத்தான் தேடுகிறேன் என்று அருணாசலவடிவிடம் சொல். கிழிந்தது பழைய சட்டை.

போன வாரம் ஒரு சின்னப் பாலம் கண்டுபிடித்தேன். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது, அடியில் தண்ணீர் இல்லை, ஒரு கொல்லாமரம் நிற்கிறது. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டேன். அதைத் தாண்டி மண்ணுக்குள் பாதி புதைந்த மைல்கல், பிறகு இரண்டு வரிசைப் புளியமரம். அதோடு ரோடு தேரிக்குள் போய்விடுகிறது. ஒரே செம்மணல் மேடு. அந்தப் பக்கம் எங்கே வெளிவருகிறது என்று தெரியவில்லை.

படி ஏறாததைக் கேட்டாய், அதனால் சொல்கிறேன். மாமா கருமாதி முடிந்து நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். "போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாய். மாமா இருந்தவரை, அடுத்து எப்போ வாரீக என்று கேட்காமல் என்னை பஸ் ஏற்றியதில்லை. இனி அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வா என்று சொல்லாத வீட்டுக்கு எப்படி வருவது?

லிங்கராஜ்


உடன்குடி
14-2-2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் அழுதேன், பிறகு கோபம் வந்தது, இப்போது சிரிப்பு வருகிறது. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவரிடம் "வாங்க" என்று யாராவது சொல்வார்களா? இன்னொரு துக்கத்துக்கு அழைத்தது போலாகும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னல் வழியாக நீங்கள் முக்கு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் பக்கம் கருமாதிச் சாப்பாட்டோடு அந்த வழக்கம் முடிந்துவிடும் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் வருஷம் திரும்பும்வரை சொல்ல மாட்டோம். வருஷத் திதிக்கு வருவீர்கள், அன்றைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் வரவே இல்லை. கடையைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று என்மேல் கோபமாக்கும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

இப்போது உங்கள் ரோடு. நாம் கருப்பட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் அப்பா பூட்டியே வைத்திருந்த பெரிய கதவு ஞாபகம் இருக்கிறதா? பின்வாசலுக்கு எதற்கு இவ்வளவு அகலம் என்று கேலி செய்வீர்களே. புளியமர வரிசை என்று நீங்கள் எழுதியதும் எனக்குச் சந்தேகம் வந்தது, கதவுக்கு வெளியேயும் இரண்டு கிழப் புளி நிற்கிறது. நானும் அருணாசலவடிவும் அரிவாளோடு இறங்கினோம். முள்ளை வெட்ட வெட்ட, அதே ஓரக்கல், அதே சல்லி. அந்தக் காலத்தில் கடைக்கு அதுதான் முன்வாசலாக இருந்திருக்கும். ஆள்விட்டுத் தேரி அடிவாரம் வரை வெட்டியாயிற்று. மேட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் பாடு.

கதவைப் பூட்டவில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன். வாங்க அத்தான்.

அனுசியா


உடன்குடி
28-2-2025

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று ஹார்பரில் மாலை போட்டிருப்பார்கள். சால்வையை மடித்து எடுத்து வாருங்கள், பஸ்ஸில் விட்டுவிடாதீர்கள்.

போன ஞாயிறு தேரி மேட்டிலிருந்து இறங்கி, தலையெல்லாம் செம்மணலாக நீங்கள் பின்வாசலில் நின்றதைச் சொல்லிச் சொல்லி அருணாசலவடிவு இன்னும் சிரிக்கிறாள். சரக்கு எடுக்க வந்த ஆள் என்று நினைத்து உங்களிடம் கருப்பட்டி விலை சொன்னாளே! நீங்களும் பேரம் பேசினீர்கள். அன்றைக்கு மாதிரி நான் சிரித்து வெகுநாளாயிற்று.

பஸ் ஏறும்போது "போயிட்டு வாரேன்ளா" என்றீர்கள். நான் "போயிட்டு வாங்க" என்று சொன்ன சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

நாளைக்கு வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறீர்கள். இந்தக் கடிதம் முத்தையாபுரம் போகும்போது அங்கே பூட்டுத்தான் தொங்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். அனுப்புநர் முகவரியைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், தபால்காரர் இங்கேயே திருப்பிக் கொண்டு வருவார். நீங்களே கையில் வாங்கி, கடையில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள். குறுக்கே பேச மாட்டேன்.

உங்கள்
அனுசியா