சிவப்பு மையில் அடித்த பெயர்

14 ஜூன் 1987, ஞாயிறு

புதிய போதகர் இன்று பிரசங்கபீடம் ஏறினார். இருபத்திரண்டு வருடம் அப்பா நின்று பேசிய பீடம். அப்பா போய் ஏழு மாதம்தான் ஆகிறது. தாம்பரத்தில் எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு இப்படி ஒருவர்தான் கிடைத்தாரா?

பெயர் சத்தியநாதன். நாற்பது வயது இருக்கும். அங்கி கணுக்கால் வரை எட்டவில்லை, யாரிடமோ இரவல் வாங்கியது போல. காணாமல் போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கம். "ஆடு எங்க கீதுன்னு மேய்ப்பனுக்குத் தெரியல. ஆனா ஒண்ணு கொறையுதுன்னு தெரிஞ்சிது பாருங்க" என்றார். கீது! பீடத்தில் நின்றுகொண்டு! ஆர்கன் வாசிக்கிற நான் பெட்டிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். முன் வரிசையில் மூப்பர் ஜீவரத்தினம் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்.

15 ஜூன்

மூப்பர் விசாரித்துவிட்டார். பதினோரு வருடம் பஸ் கண்டக்டராம், பம்மல் வழித்தடத்தில். தபால் வழியில் படித்து, முப்பத்தைந்து வயதில் இறையியல் கல்லூரியில் சேர்ந்தாராம். "டிக்கெட் கிழிச்ச கையிலேயா திருவிருந்து வாங்கணும், பியூலாம்மா?" என்று கேட்டார். சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடமும் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

28 ஜூன்

இன்று "இன்னா" நான்கு முறை. எண்ணினேன்.

12 ஜூலை

போதகர் சபைப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்திருந்தாராம். சிவப்பு மையில் அடித்த பெயர்களை மட்டும் தனியே எழுதி, ஒவ்வொரு வீடாகத் தேடிப் போகிறார். குடித்து நீக்கப்பட்டவன், புருஷனை விட்டு வந்தவள், இன்னும் யார் யாரோ. ஒழுங்காக வருகிறவர்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"ஸ்டாப்பிங்ல நிக்கிறவங்கள உட்டுட்டு வண்டி போனா, உள்ள சீட்டு கெடச்சவங்க கேக்க மாட்டாங்க டீச்சர். கண்டக்டர்தான் விசில் அடிக்கணும்."

இதைத்தான் ஐந்து வருடம் கல்லூரியில் கற்றார் போலும்.

பின் பெஞ்சில் பம்மல் தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து ஆறு பேர். அத்தனை மின்விசிறி சுற்றியும் வாடை போகவில்லை. மூப்பரின் மனைவி சென்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

26 ஜூலை

மூப்பர்கள் மனு கொடுக்கிறார்கள், எல்லாச் சபைகளுக்கும் மேலே இருக்கும் பிரஸ்பிட்டரி சங்கத்துக்கு. இந்தப் போதகரை மாற்ற வேண்டும். என் தமிழ் நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். 'பீடத்தின் மாண்பு' என்று மூன்று இடத்தில் எழுதினேன். அப்பா படித்திருந்தால் ஒரு கமாவைக்கூட மாற்றியிருக்க மாட்டார்.

5 ஆகஸ்ட்

போதகர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே, "பம்மல்ல துரையப் பாத்தேன் டீச்சர்" என்றார்.

துரை. ஒன்பது வருடமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். என் தம்பி. 1978இல் செல்வமேரியைக் கட்டிக்கொண்டான். அவள் பம்மல் காலனிப் பெண் என்பதைத் தவிர வேறு குற்றம் இல்லை. அப்பா சாதி என்று வாயால் சொல்லவில்லை. 'சபை ஒழுங்கு' என்றார். பதிவேட்டில் அவரே அவன் பெயரை அடித்தார். மை பரவாமல் ஒற்றுத்தாள் வைத்து அழுத்தியது நான். சபைப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கிருந்த கிளார்க் வேலையும் போயிற்று.

"தோலுக்கு சுண்ணாம்பு போட்ற எடத்துல வேல. ரெண்டு கையும் வெந்து கீது. எட்டு வயசுல ஒரு பொண்ணு. ஞானஸ்நானம் கேக்குறாரு. மூப்பருங்க கிட்ட சொல்றதுக்கு மின்ன உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"என்கிட்ட எதுக்கு?" என்றேன்.

அவர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

எங்கப்பா அடிச்ச பேரு அது. அதுல கை வைக்க இந்த ஆள் யாரு? வெந்த கையைப் பத்தி என்கிட்ட ஏன் வந்து சொல்லணும்? நான் என்ன பண்ணட்டும்?

மனு போன வாரமே தபாலில் போய்விட்டது. நல்லதுதான். நல்லதுதானே?

9 ஆகஸ்ட்

ஞானஸ்நானத்துக்கு மூப்பர்கள் அனுமதி மறுத்துவிட்டார்கள். ஒருவர்கூட ஆதரிக்கவில்லை.

16 ஆகஸ்ட்

ஆராதனை முடிந்ததும் போதகர் பம்மலுக்குப் போய், அவர்கள் வீட்டு வாசலிலேயே ஒரு சொம்புத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாராம். "மாட்டிக்கிட்டான்!" என்று மூப்பருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

13 செப்டம்பர்

பிரஸ்பிட்டரியிலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். மனுவை எழுதியவரே படிக்கட்டும் என்றார்கள். படித்தேன். உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை.

"அனுமதி மறுத்த பிறகும் செய்திருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்துக்கும் இந்தச் சபைக்கும் என்ன சம்பந்தம்?" என்று தலைவர் போதகரிடம் கேட்டார்.

இதோ நிற்கிற டீச்சரின் தம்பி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், என் மாண்பு அங்கேயே கிழிந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பேரு ரிஜிஸ்டர்ல கீது சார். அடிச்சிருந்தாலும் படிக்க முடியுது."

அவ்வளவுதான். எல்லாம் தெரிந்த ஜீவரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. மனுவை நாலாக மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

20 செப்டம்பர்

போதகரை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஜெபக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூப்பர் வீட்டில் எல்லோருக்கும் காபி. குடித்தேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். சீ.

11 அக்டோபர்

அடுத்த போதகர் வந்தாயிற்று. இரண்டு பட்டம். ஐம்பது நிமிடப் பிரசங்கம், அத்தனையும் சுத்தத் தமிழ். மாண்புமிகு மூப்பர் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டார். பின் பெஞ்ச் காலி.

8 நவம்பர், ஞாயிறு

இன்று ஆர்கன் வாசித்தது யாரென்று தெரியாது. ஆராதனை நேரத்தில் நான் பம்மல் பஸ்ஸில் இருந்தேன்.

கதவைத் திறந்தது செல்வமேரி. மேலும் கீழும் பார்த்தாள். "வயி தெரிய ஒம்போது வர்சம் ஆச்சா?" என்றாள். சற்று நேரம் நிற்க வைத்துவிட்டு, நகர்ந்து வழிவிட்டாள்.

துரை இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தான். "அக்கா" என்றான். அவர்கள் பெண் அருள்மேரி தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'மழை'யை 'மயை' என்றாள். திருத்த வாயெடுத்தேன். பிறகு, படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்வமேரி சோறும் மீன் குழம்பும் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். அவள் என்னை மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்? துரை தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் வரட்டும் என்று காத்திருந்தான் போல.

தட்டை என் பக்கம் இழுத்து, முள் எடுத்து, பிசைந்து, ஒரு வாய் நீட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தான்.