எதிர்க்காற்றுக்குக் கனமான தட்டு

ஜூலை 20, திங்கள்

மன்னிக்கணும் டாக்டர் மேடம். இருமல் வந்த உடனே எழுதச் சொன்னீங்க. ராத்திரி பதினொன்றரைக்குத்தான் உட்கார முடிந்தது. பகலில் பேனா எடுத்தால் என் மகள் மகி பிடுங்கிக்கொள்கிறாள்.

(இந்த நோட்டை அப்படியே காட்டப் போவதில்லை. மகி பற்றிய வரிகளை மட்டும் தனித் தாளில் எழுதித் தரணும். மற்றது எனக்கு.)

காலையிலிருந்து காற்று. மாடிக் கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. மகியின் பாவாடை எதிர்வீட்டு முருங்கையில்.

மில்லுக்குப் போய் உமி வாங்கினேன். மில்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எதுக்கும்மா உமி? கோழி வளக்குறியா?"

"விளையாட்டுக்குண்ணே. தூரத்துல கூடை இருக்கும், பிளாஸ்டிக் தட்டை வீசி அதுல போடணும். காத்து எந்தப் பக்கம்னு பாக்க உமி."

"நல்ல விளையாட்டு போ. அள்ளிக்க, அள்ளிக்க."

பழைய ரவிக்கைத் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். கல்லூரி மைதானத்தில் பர்வீன் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. "அடியே கயலு, ஆட வந்தியா, நெல்லு தூத்த வந்தியா?" அவள் புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்று பார்ப்பவள். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. இப்போது அவள் அத்தாவின் செருப்புக் கடையில். அப்போதிலிருந்தே காற்றடித்தால் அவள்தான் ஜெயிப்பாள். இன்று இல்லை! உமி புகை மாதிரி காட்டுகிறது. கீழே ஒரு காற்று, பனை உயரத்தில் வேறு காற்று. ஆறாவது கூடை இரண்டே வீச்சில்.

வேதாரண்யம் போட்டிக்குப் பதிமூன்று நாள்.

வீட்டுக்கு வந்ததும் மகி: "இது என்னம்மா மூட்டை?" காத்து பாக்குற மூட்டை என்று சொல்லி, டேபிள் ஃபேன் முன்னால் ஒரு சிட்டிகை விட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பெருக்கிவிட்டேன்.

மகி: காலை நன்று. இட்லி இரண்டு. ஏழு மணிக்கு மேல் வறட்டு இருமல், பத்துப் பதினைந்து தடவை. ரொம்பச் சிரித்ததால் இருக்கும்.


ஜூலை 22, புதன்

காற்று நேற்றைவிட மோசம். கேட் கொண்டி ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது, யாரோ கூப்பிடுகிற மாதிரி.

மறப்பதற்கு முன்:

எதிர்க்காற்று என்றால் பழைய சிவப்பு. கனமான தட்டு. பலமாக வீசக் கூடாது, அங்கேதான் இத்தனை வருஷம் தப்பு பண்ணினேன். பலமாக வீசினால் வலப்பக்கம் கவிழ்ந்து ஓடிவிடும். மெதுவா, ஆனால் சுழற்சி நிறைய. நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. முன்விளிம்பு ஒரு விரல்கடை தூக்கினாலும் போச்சு, காற்று அடியில் புகுந்து நம்மிடமே கொண்டுவந்து போடும்.

பின்காற்றுக்கு லேசான மஞ்சள், கொஞ்சம் உயரமாக. காற்று அமுக்கிவிடும்.

பக்கக்காற்று: தட்டின் வயிறு காற்றைப் பார்த்தால் தூக்கிக்கொண்டு போகும், முதுகு பார்த்தால் தரையில் அறையும்.

கூடைக்குப் பக்கத்தில் வந்தபின் அவசரம் ஆகாது. காற்றும் மூச்சு வாங்கும். ஏழு, எட்டு எண்ணினால் ஒரு தணிவு வருகிறது. அப்போது.

வாட்ச்மேன் யாரிடமோ போனில்: "வீட்ல தட்டு கழுவுறத விட்டுட்டு இங்க வந்து வீசுதுங்க." பர்வீன் அவரிடமே போய், "உங்க வீட்டுத் தட்டையும் குடுங்கண்ணே, வீசித் தரோம்."

மகி: மதியம்வரை ஒன்றுமில்லை. நான் வந்து குளித்துவிட்டு வெளியே வந்தபோது இருமல். ஏழு மணிக்கு நெஞ்சில் காதை வைத்தால் விசில் சத்தம். இன்ஹேலர் இரண்டு பஃப். எட்டரைக்கு மறுபடி இரண்டு.

வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் மாமியார் சாத்திவிட்டார். "ஆடிக் காத்தும்மா. பிள்ளைக்கு ஆகவே ஆகாது. என் பேச்சை யாரு கேக்குறா." அத்தை பேச்சை இன்று கேட்டேன். நானே கதவு இடுக்கில் துணியும் செருகினேன்.


ஜூலை 23, வியாழன்

மைதானம் போகவில்லை. மாவாட்டினேன். கரன்ட் மூன்று தடவை போய் வந்தது.

உமிப் பையை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அத்தைக்குப் பெட்ரூம் ஆணியில் அது தொங்குவது பிடிக்கவில்லை, உதிர்கிறதாம். ஆடி முடிந்து வந்த ராத்திரி மட்டும் தொங்கட்டும், காலையில் எடுத்துடறேன் அத்தை என்று சமாதானம்.

மகி: நன்று. நன்றாகத் தூங்கினாள்.


ஜூலை 25, சனி

 

சாயங்காலம் மைதானம். ஐந்தரைக்கு வீடு. நான் குளிக்கப் போனேன், மகி பெட்ரூமில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஆறரைக்கு வெளிக்கதவு படீரென்று சாத்தியது, ஊரே இருட்டு. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம். அந்த இருட்டில்தான் சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடிப்பதாக நினைத்தேன். ஜன்னல் அருகே போனேன், அங்கே இல்லை. கட்டிலிலிருந்து.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. பேசச் சொன்னால் "அம்" என்று நிறுத்தினாள், "மா" வரவில்லை.

நெபுலைசர் இருக்கிறது. கரன்ட் இல்லை.

இன்ஹேலர் நாலு பஃப். பர்வீனுக்கு போன். அவள் தம்பி ஆட்டோவோடு பத்து நிமிஷத்தில் வந்தான், பின் சீட்டில் அவளே உட்கார்ந்து. ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து ஒரு மணி நேரத்தில் சரியானது. திரும்பும்போது ரோட்டில் கிளைகள். பர்வீன் என் தோளைத் தொட்டு, "புள்ள முகத்துல சிவப்பு வந்துருச்சு பாரு. அழாத." நான் அழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு.


ஜூலை 27, திங்கள்

டாக்டரிடம். தனித் தாளைக் கொடுத்தேன். 20 இருமல், 22 விசில், 25 ஆஸ்பத்திரி. சாப்பாடு, தூக்கம், எல்லாம் இருந்தது. நான் எங்கே போனேன், வந்தேன் என்பது மட்டும் இல்லை. பிள்ளைக்கு முடியாத வாரத்தில் அம்மாக்காரி தட்டு வீசிக்கொண்டிருந்தாள் என்று எப்படி எழுதிக் கொடுப்பது?

டாக்டர் வரிசையாகக் கேட்டார். கொசுவத்தி? இல்லை. சாம்பிராணி? நிறுத்திவிட்டோம். பூனை, நாய்? இல்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புதுசா வீட்டுக்குள்ள ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணுமில்ல மேடம். காத்துதான்."

மருந்தை மாற்றினார். அவர் நம்பர் கொடுத்தார். நெபுலைசர் வைத்து இருபது நிமிஷத்துக்குப் பிறகும் விலா உள்ளே போனால் எதையும் கேட்காமல் கிளம்பி வரணும். சந்தேகம் என்றால் எந்நேரமும் மெசேஜ்.


ஜூலை 29, புதன்

சனிக்கிழமைக்குப் பிறகு மைதானம் போகவில்லை. நாலு நாளாக மகி நன்று. சைக்கிள் ஓட்டி வாசல் நடையில் மோதினாள். அத்தைக்குப் பெருமை: "ஜன்னலைச் சாத்தினேன் பாத்தியா."

மஸ்கட்டிலிருந்து அவர் போன். வேதாரண்யம் போகவில்லை என்றேன்.  "நீ போ கயல். கல்யாணமாகி அஞ்சு வருஷத்துல உனக்குன்னு எதுவும் கேட்டதில்ல. ஒரு நாள்தானே. அம்மா பாத்துக்குவாங்க."

போகணும் என்று இருக்கிறது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.


ஜூலை 30, வியாழன்

ஒரே ஒரு மணி நேரம் மைதானம். ஏழே காலுக்கு மறுபடி. இரண்டு பஃப், பிறகு நெபுலைசர். கரன்ட் இருந்தது, கடவுளே.

நான் வெளியே போனால் வருகிறது. போகாவிட்டால் வருவதில்லை. என்னைத் தேடி ஏங்குகிறாளோ? அத்தையிடம் கேட்டேன்.

"ஏங்குறாளா? நல்லாச் சொன்ன போ. நீ இல்லாதப்ப என்னைப் போட்டுப் படுத்துறா. நீ வந்து குளிக்கப் போனப்புறம்தான் ரூமுக்குள்ள சமத்தா விளையாடுறா. சத்தமே வராது."

சத்தமே வராது. இந்த வார்த்தை ஏனோ உறுத்திக்கொண்டே இருக்கிறது.


ஆகஸ்ட் 2, ஞாயிறு

அவர் சொன்னபடியே மகியை அத்தையிடம் விட்டுவிட்டுக் காலை ஐந்து மணி பஸ். பர்வீன் டிபன் பாக்ஸில் இடியாப்பம். உப்பளத்தை ஒட்டிய திடல், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக. காற்று நிற்கவே இல்லை, உதடெல்லாம் உப்பு. மற்றவர்கள் தட்டு ஒவ்வொன்றாக உப்பங்கழியில் போய் விழுந்தது.

கடைசிக் கூடை. நேர் எதிர்க்காற்று. உமியைக் கிள்ளி விட்டால் என் முகத்திலேயே அடித்தது. சிவப்பை எடுத்தேன். எட்டு எண்ணினேன். தாழ்வாக, பாதி பலத்தில். தட்டு தரையை முகர்ந்துகொண்டே போய்க் கூடைக்கு ஆறடியில் உட்கார்ந்தது. அடுத்த வீச்சு கூடைச் சங்கிலியில் மோதி உள்ளே விழுந்தது. பர்வீனை ஒரு வீச்சில் ஜெயித்தேன், போட்டியில் முதல் தடவை. "உமிக்காரி" என்று கத்தி என்னைத் தூக்கியே விட்டாள்.

இதை எழுதவே கூடாது. எழுதித்தான் ஆகணும், வரிசையாக.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. பை ஆணியில். குளிக்கப் போனேன். டேங்கில் தண்ணீர் தீர்ந்திருந்தது, இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பெட்ரூம் கதவைத் திறந்தால் மகி ஸ்டூல் மேல். டேபிள் ஃபேன் முழு வேகத்தில். கையில் பை. நான் நிற்கிற மாதிரியே ஒரு கால் முன்னால், ஒரு கண்ணைச் சுருக்கி, சிட்டிகை உமியைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விட்டாள். அது அவள் முகத்திலேயே வந்து அடித்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் அறை முழுக்கத் தூசி, பொன்னாக மிதந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. இடுக்கில் நான் செருகிய துணி.

"அம்மா, அசையாத. எதிர்க்காத்து. கனமான தட்டு எடுக்கணும்."

"எத்தனை நாளாடி இப்படி விளையாடுற?"

"நீ மூட்டை கொண்டாந்தா விளையாடுவேன்."

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். உமி. மெத்தை ஓரத்தில். ஃபேன் கூண்டில் அப்பிக்கொண்டு. பின்னால் புரட்டி இந்த நோட்டைப் பார்த்தேன். 20, 22, 25, 30. தட்டு வீசிய நாளெல்லாம், ஒரு நாள் விடாமல். இத்தனை நாளும் ஒரே நோட்டில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. தாளில் எழுதும்போது அதை மட்டும் விட்டேன்.

 அத்தை மெத்தையை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "ஜன்னலைச் சாத்தினது நான்தானே" என்று மட்டும்.

ஏழு மணிக்கு இருமல். எட்டுக்கு விசில். ஒன்பதுக்கு நெபுலைசர். இப்போது பத்து இருபது. கூடத்தில் என் மடியில் தூங்குகிறாள். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன், காற்று உள்ளே வருகிறது, லைட் ஒரு தடவை மங்கி எரிந்தது. ஒரு நிமிஷத்துக்கு மூச்சு முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன், நாற்பது. விலா உள்ளே போகிற மாதிரியும் இருக்கிறது, போகாத மாதிரியும். பர்வீன் தம்பி வாசலில் ஆட்டோவோடு.

அனுப்பியது இது:

"டாக்டர் மேடம், கயல், மகியோட அம்மா. இந்நேரத்துக்கு மன்னிக்கணும். அன்னிக்கு நான் கொடுத்த தாள் முழுசு இல்ல. நான் விட்டதையும் சேர்த்து நோட்டுப் பக்கமெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். புதுசா வீட்டுக்குள்ள வந்தது உமி. கொண்டுவந்தது நான்தான். நெபுலைசர் வெச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மூச்சு நாற்பது. விலா உள்ள போகுதான்னு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல, வீடியோவும் அனுப்பியிருக்கேன். ஆட்டோ நிக்குது. அஞ்சு நிமிஷம் பாத்துட்டுக் கிளம்பிடுவோம். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்களா? பார்த்ததும் பதில் போடுங்க மேடம்."